அடுத்த கம்பெனி டவருக்கு ஊற்றிய டீசல்

கணக்குப் பிரிவிலிருந்து மாதந்தோறும் வரும் அறிக்கையில் ‘எண் மாற்றச் செலவு’ என்று ஒரு வரி இருக்கும். டவர், கேபிள், சிக்னல் என்று கையில் அகப்படுகிற விஷயங்களைப் பார்க்கிறவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஓய்வுபெற்ற நான் சமீபத்தில் நம் திண்டுக்கல் அலுவலகத்துக்குப் பழைய ஆட்களைப் பார்க்க வந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர், “மேடம், ஒரு கஸ்டமர் நம்பரை மாத்தாம கம்பெனி மாறினா அந்தச் செலவு யாரோடது?” என்று கேட்டார். வாசலில் நின்றபடி இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்தக் கேள்விக்கு இரண்டு வாக்கியம் போதாது.

விதி எளிமையானதுதான். ஒருவர் தன் எண்ணோடு கம்பெனி மாறும்போது, அவரைப் பெறுகிற கம்பெனி நடுவில் இருக்கும் பொது அமைப்புக்கு ஒரு கட்டணம் கட்டுகிறது. எந்த எண் இப்போது எந்தக் கம்பெனியில் இருக்கிறது என்ற பட்டியலை வைத்திருப்பது அந்த அமைப்பு. அழைப்பை இணைக்குமுன் எல்லாக் கம்பெனிகளும் அந்தப் பட்டியலைப் பார்த்தாக வேண்டும். பார்க்கிற செலவு அவரவருடையது. இழக்கிற கம்பெனி கட்டணம் கட்டுவதில்லை. ஆனால் போகிறவரைப் போகவிடுவதற்கு வேண்டிய இயந்திரங்களை அது தன் செலவில் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இழக்கிற கம்பெனியிடமே இயந்திரத்தை ஓட்டக் காசு இல்லாமல் போனால் அந்தப் பங்கை யார் ஏற்பது? நான் ஏரியா மேலாளராக இருந்த காலத்தில் அந்தக் கேள்வி ஒரு நாள் முன்னால் வந்து நின்றது. விதிகளில் தேடிப் பார்க்க அவகாசம் இல்லை.

ஒரு கம்பெனி மூழ்கிக்கொண்டிருந்தது. பேர் வேண்டாம். பேச்சுக் கட்டணம் குறைவு என்பதால் திண்டுக்கல்லில் அதற்கு ஆட்கள் அதிகம். பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்கள், தோல் பதனிடும் ஷாப் தொழிலாளர்கள், மினி பஸ் டிரைவர்கள் எல்லாம் அந்த சிம்தான் வைத்திருந்தார்கள். வாடகையும் மின் கட்டணமும் கட்டாததால் அதன் டவர்கள் ஒவ்வொன்றாக நின்றன. எண்ணைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்தக் கம்பெனியின் சிக்னலில் இருந்தபடி ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். பதிலுக்கு ‘கோடு’ என்கிற ஒரு ரகசியக் குறியீடு வரும். கோடு கைக்கு வந்துவிட்டால் போதும், பிறகு டவர் நின்றாலும் எண் வேறு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் சிக்னல் இல்லாவிட்டால் கோடு இல்லை. வேறு வழிகள் பின்னால் வந்தன. அன்றைக்கு வரவில்லை.

அப்படி ஒரு காலையில் தனலட்சுமி எங்கள் ஷோரூமுக்கு வந்தார். தாடிக்கொம்பு பக்கத்துக் கிராமங்களுக்கு அவர்தான் சுகாதார செவிலியர். சீருடையில், தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டியபடி, போனை என் மேஜைமேல் வைத்தார்.

“நேத்துல இருந்து மெசேஜ் அனுப்பிக்கிட்டே இருக்கேன் மேடம். போவ மாட்டேங்குது.”

நிலைமையை விளக்கினேன். டவுனில் அந்தக் கம்பெனிக்கு ஒரு டவர்கூட உயிரோடு இல்லை. புது எண் எடுத்துக்கொள்ளுங்கள், தெரிந்தவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றேன். எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பலர் ஒத்துக்கொண்டு போனார்கள். அவர் அசையவில்லை.

“யாருக்குன்னு மேடம் சொல்ல? அம்புட்டு ஊருக்கும் ஒருத்தி நான். மாசமா இருக்குற புள்ளைங்க வீட்ல அடுப்படிச் சுவத்துல என் நம்பரக் கரியால எழுதி வச்சிருக்கு. வலி எடுத்தா மாமியாக்காரி அதப் பாத்துத்தான் அடிப்பா. வண்டிக்குச் சொல்றது, ஆஸ்பத்திரிக்குச் சொல்றது எல்லாம் நான்தான். இந்த மாசத்துலயே நாலஞ்சு பேருக்குத் தேதி இருக்கு.”

“ஆபீஸ்ல குடுத்த நம்பர் ஒண்ணு இருக்குமே?”

“இருக்கு. அது ஆபீசருக்குத்தான் தெரியும். அந்தப் புள்ளைங்களுக்குத் தெரியாது.”

தாடிக்கொம்பைத் தாண்டி ஒரு டவர் இன்னும் ஓடுவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் விற்பனை ஆட்கள் அங்கே குடை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எப்படியும் போய்ப் பார்க்க வேண்டிய இடம். அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

சோளம் அறுத்த காடு. நடுவில் டவர், சுற்றிலும் கம்பி வேலி. வேலிக்கு வெளியே திருவிழாக் கூட்டம் மாதிரி ஜனம். எல்லோரும் போனைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தூரத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தவர்களும் இருந்தார்கள். ஒருபக்கம் எங்கள் கம்பெனிக் குடைகள், மறுபக்கம் எங்கள் போட்டிக் கம்பெனியின் குடைகள். அதன் ஏரியா மேலாளர் பஷீர் அங்கேயே நின்றிருந்தார். பேகம்பூர்க்காரர். அவர் ஆட்கள் எங்கள் போஸ்டர்மேல் போஸ்டர் ஒட்டுவார்கள். எங்கள் ஆட்களும் சும்மா இருந்ததில்லை. அந்த அளவுக்குப் பழக்கம்.

வேலிக்கு உள்ளே, மூழ்குகிற கம்பெனியின் கடைசி ஊழியர் முருகேசன் ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆயக்குடிக்காரர். சம்பளம் வந்து மாதக்கணக்காகியிருந்தது. மின்சாரத்தை ஏற்கெனவே துண்டித்திருந்தார்கள்.

“ஏனுங்க மேடம், இருக்கற டீசல் இன்னும் செத்த நேரத்துக்குத்தான் வருமுங்க,” என்றார். “நானே என்ற கைக்காசுல ஊத்திப் பாத்துட்டனுங்க. இனி முடியாதுங்க. ஆபீசுக்கு போன் போட்டா எடுக்கறதுக்கு ஆளில்லீங்க.”

பஷீரைத் தனியே கூப்பிட்டேன். இந்தக் கூட்டம் முழுக்க உங்களிடமோ எங்களிடமோதான் வரப்போகிறது, டீசல் செலவைப் பகிர்ந்துகொள்வோம் என்றேன்.

“செலவு ஒண்ணும் பெரிசில்ல மேடம். அதை யார் கணக்குல எழுதறதுங்கறதுதான் பெரிசு,” என்றார்.

“பாதிப் பாதி போட்டுக்கலாம் பாய்.”

“அதெப்படி பாதி? உங்க குடை முன்னாடி நிக்கிற வரிசையப் பாருங்க, எங்க வரிசையப் பாருங்க. ஜாஸ்தி ஆளு உங்களுக்குத்தானே வருது?”

“அப்ப யாருக்கு எத்தனை பேருன்னு எண்ணிப் பிரிச்சுக்குவோம்.”

“யாரு எண்றது? உங்க ஆளா, எங்க ஆளா?”

நான் கேட்டதும் நியாயம், அவர் சொன்னதும் நியாயம். பெரிய அலுவலகங்களில் இதே வாதத்தை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து மாதக்கணக்கில் பேசுவார்கள்: சமமாகவா, எண்ணிக்கைப்படியா, எண்ணிக்கை என்றால் யார் எண்ணிக்கை? நாங்கள் வெயிலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். பேசிக்கொண்டிருக்கும்போதே ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

அந்தச் சத்தம் நின்றபோதுதான் அதுவரை எவ்வளவு சத்தமாக இருந்தது என்று தெரிந்தது. தலைக்குமேல் இருந்த கைகள் மெதுவாக இறங்கின. யாரோ கத்தினார்: “ஏலே, அமத்திப்புட்டான்யா!” கூட்டம் வேலியை நெருக்கியது. கதவின் கொக்கி தெறித்தது. உள்ளே போனவர்களில் ஒருவர் முருகேசனின் சட்டையைப் பிடித்தார். “காசு வாங்கிட்டு அமத்துறியா?” என்றார். முருகேசன் எதிர்க்கவில்லை. காலி டேங்கின் மூடியைத் திறந்து, “நீங்களே பாருங்க,” என்று மட்டும் சொன்னார். பஷீரும் நானும் போய் நடுவில் நின்றோம். தனலட்சுமி வந்து சட்டையைப் பிடித்தவரின் கையைப் பிரித்துவிட்டார். அந்த ஆளை அவருக்குத் தெரிந்திருந்தது. “உம் பொண்டாட்டிக்கு நான் ஊசி போட வரணுமா, வேண்டாமா?” என்று கேட்டார். கை இறங்கியது.

எங்கள் கம்பெனி டவர் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அதன் ஜெனரேட்டர் டேங்கில் டீசல் இருந்தது. சாவி என் பொறுப்பில். சென்னையிலிருந்த என் மேலதிகாரியை அழைத்து, அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுக்க அனுமதி கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒவ்வொன்றாகக் கேட்டார். “அந்த ஜெனரேட்டர் தீப்பிடிச்சா யார் பொறுப்பு? டீசல் குடுத்தது நாமதானேன்னு நம்ம மேல கேஸ் போடுவாங்க. நம்ம டவருக்கு இன்னைக்கு கரண்ட் போனா என்ன செய்வீங்க? ஆடிட்ல என்ன தலைப்புல எழுதுவீங்க?” நம் டவருக்கு வேண்டியதை மிச்சம் வைத்துக்கொள்வேன் என்று மட்டும் சொன்னேன். பிறகு அவரே ஒரு வழி சொன்னார்: “ஒண்ணு செய்யலாம். நம்ம ஃபார்மை நிரப்பினவங்களை மட்டும் வேலிகிட்ட விடுங்க. மத்தவங்களுக்குக் கிடையாது. அப்படீன்னா அது புது கஸ்டமர் சேர்க்கிற செலவு. நான் கையெழுத்துப் போடறேன்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். பஷீரும் அப்போதுதான் தன் போனைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

“உங்க ஆளுங்க என்ன சொன்னாங்க மேடம்?”

“எங்க சிம் வாங்கறவங்களுக்கு மட்டும்னு சொன்னாங்க.”

அவர் சிரிக்கவில்லை. “எங்க ஆளும் வார்த்தை மாறாம அதேதான் சொன்னாரு,” என்றார்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்த நிபந்தனையை ஏற்றிருந்தால் எனக்கு எல்லாம் ஒழுங்காகியிருக்கும்: அனுமதி, கணக்குத் தலைப்பு, அந்த மாத இலக்கு. ஆனால் எண் மாற்றம் என்ற ஏற்பாடே, ஒருவர் தன் எண்ணைப் பணயம் வைக்காமல் தனக்குப் பிடித்த கம்பெனிக்குப் போகலாம் என்பதற்காக வந்தது. அந்த வேலியில் நின்று, எண் வேண்டுமானால் எங்களிடம் வா என்று சொன்னால், அந்த ஏற்பாட்டுக்கு எல்லோருமாகச் சேர்ந்து கட்டுகிற கட்டணத்துக்கு அர்த்தமே இல்லை. இன்னொரு காரணமும் இருந்தது. அந்தக் கூட்டத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைத் தள்ளி நிறுத்த முயன்றிருந்தால் அங்கே குடையும் மிஞ்சாது, நாங்களும் மிஞ்சமாட்டோம். இரண்டில் எந்தக் காரணம் என்னை முடிவெடுக்க வைத்தது என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான்.

மேலதிகாரிக்கு ஒரு செய்தி அனுப்பினேன். நிபந்தனை இல்லாமல் கொடுக்கிறேன், பொறுப்பு என்னுடையது, எங்கள் டவருக்கு வேண்டிய அளவை மிச்சம் வைத்திருக்கிறேன் என்று எழுதினேன். பதிலுக்காகக் காத்திருக்கவில்லை.

“இன்னைக்கு நான் ஊத்தறேன் பாய். நாளைக்கு நீங்க ஊத்துங்க. யாரும் எதையும் எண்ண வேண்டாம்.”

பஷீர் தன் ஆளிடம் கார் சாவியைக் கொடுத்து, “மேடத்தோட டவர்ல இருந்து கேன் தூக்கிட்டு வாங்க,” என்றார்.

தீயைப் பற்றிய கேள்வி மனதில் இருந்தது. எல்லோரையும் வேலிக்கு வெளியே தள்ளி நிறுத்திவிட்டுத்தான் கேனைத் திறக்க விட்டேன். ஜெனரேட்டரை முருகேசனைத் தவிர யாரும் தொடவில்லை. அது ஓடத் தொடங்கியதும் மறுபடி எல்லாக் கைகளும் மேலே போயின. முருகேசன் பதறிப்போய் வந்தார்.

“இப்பவே அனுப்பக்கூடாதுங்க! உள்ள பெட்டியெல்லாம் எந்திரிக்கோணுமுங்க. அத்தன பேரும் ஒரே சமயத்துல அடிச்சா மறுக்கா படுத்துக்குமுங்க.”

பஷீரின் குடையில் விளம்பரத்துக்கு வைத்திருந்த மைக் இருந்தது. அதை வாங்கித் தனலட்சுமி கையில் கொடுத்தேன். தடுப்பூசி முகாமில் கூட்டத்தை மேய்த்தவர். கைப்பிள்ளைக்காரிகள் முதலில், வயசானவர்கள் அடுத்தது, வேனில் வந்தவர்கள் அதற்கப்புறம் என்று பிரித்தார். “முறை வாரவரைக்கும் போனை அமத்தி மடியில வையுங்க. எங்க போறீக, உங்க நம்பர் எங்கயும் ஓடிராது,” என்றார். சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் அமர்ந்தார்கள். சிக்னல் வந்தது. முதல் வரிசையில் ஒரு பெண்ணின் போன் கீச்சிட்டது. அவர் வந்த குறியீட்டைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். பிறகு அங்கங்கே கீச்சிடும் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

தனலட்சுமி தன் முறையைக் கடைசியில்தான் எடுத்துக்கொண்டார். கோடு வந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

“மேடம், ஆத்துக்கு அங்கிட்டு இருக்குற ஊருல உங்க சிக்னல் கிடைக்குமா?”

பஷீர் பக்கத்திலேயே நின்றிருந்தார். என் விற்பனை ஆட்களும் நின்றிருந்தார்கள். குடகனாற்றுக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அங்கே ஒரு டவர் கேட்டு நானே பலமுறை எழுதியிருந்தேன்.

“கிடைக்காது,” என்றேன். “பாயோட சிக்னல் கிடைக்கும்.”

அவர் தலையாட்டிவிட்டுப் பஷீரின் குடைக்குப் போனார். என் ஆட்களில் ஒருவர் என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. எங்கள் டீசலில் கோடு வாங்கி எங்கள் கண்முன்னே அடுத்த கம்பெனிக்குப் போகிறாரே என்ற பார்வை. அவரைத் திட்டவில்லை. விற்பனையில் இருப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு வேண்டியது பிரசவ வலி எடுத்த வீட்டிலிருந்து கூப்பிட்டால், அவர் எந்த ஊரில் இருந்தாலும் மணியடிக்கிற சிக்னல். அதை நான் மறைத்து விற்றிருந்தால் அவர் எண் பிழைத்திருக்கும், அதனால் யாருக்கும் பயன் இருந்திருக்காது.

மறுநாள் பஷீர் சொன்னபடி டீசல் ஊற்றினார். அவர் மேலிடத்தில் என்ன சொல்லிச் சமாளித்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் டீசல் இருந்தும் டவர் வேலை செய்யவில்லை. வேறெங்கோ இருந்த அந்தக் கம்பெனியின் முக்கிய இயந்திரத்தையே நிறுத்திவிட்டார்கள் என்று முருகேசன் சொன்னார். பாலசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் அன்றைக்குத்தான் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு எதுவும் செய்ய முடியவில்லை. புது எண் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் மட்டும் எதுவும் வாங்காமல் டவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். முருகேசன் சாவியை வேலியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு ஆயக்குடிக்கு பஸ் ஏறினார். அண்ணனின் கொய்யாத் தோப்பில் இருக்கிறார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அனுமதியின்றி கம்பெனிப் பொருளை வெளியே கொடுத்தது, தீ விபத்து அபாயத்தை ஏற்படுத்தியது என்று இரண்டு குற்றச்சாட்டுகள். இரண்டும் உண்மை. விளக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். எங்கள் டவரிலேயே செலவானதாக எழுதிவிடலாம், யாருக்கும் தெரியாது என்று நண்பர்கள் சொன்னார்கள். எழுதவில்லை. டீசலை ஒளித்து எழுதிப் பழகிவிட்டால் அடுத்தமுறை வேறு ஒன்றை ஒளிக்கத் தோன்றும். கடிதம் என் கோப்பில் ஓய்வு பெறும்வரை இருந்தது. மேலதிகாரி அதை எடுக்கவும் இல்லை, அதைக் காட்டி என்னை மேற்கொண்டு தண்டிக்கவும் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் டவர் கேட்டு நான் அடுத்து எழுதிய கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கேள்வியை அற்பமானது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இல்லாத இடத்தில் எல்லோரும் மற்றவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நாங்களும் நின்றோம். ஆனால் எந்தக் கேள்வி காத்திருக்கும், எது காத்திருக்காது என்று முதலில் பாருங்கள். பங்கு பிரிக்கிற பேச்சை அடுத்த மாதமும் பேசலாம். வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கு அந்த அவகாசம் இல்லை.

சில நாட்கள் கழித்து தனலட்சுமியின் எண் சரியாக மாறிவிட்டதா என்று பார்க்க அழைத்தேன். மாறிய எண்ணுக்கு எங்கள் வலையிலிருந்து அழைப்பு ஒழுங்காகப் போகிறதா என்று சோதிப்பது எங்கள் வேலையிலும் ஒரு பகுதி. இரண்டாவது மணியில் எடுத்தார். பின்னால் ஒரு வண்டியின் இரைச்சல்.

“ஆரு? ஸ்டெல்லா மேடமா? நல்லா கேக்குது மேடம். செத்த வைங்க, ஒரு புள்ளைக்கு வலி கண்டிருச்சு, போயிக்கிட்டிருக்கேன். லைன்ல அவ மாமியா காத்துக்கிட்டிருக்கா.”

வைத்துவிட்டார்.